மானிடவியலாளரும் பட்டாளமும்: எங்கள் முகப்பில் அடிக்கடி கேட்கப்பட்ட கேள்விகள்

காரைக்குடியில் எங்கள் வீட்டு முகப்பில் ஞாயிறு மாலைகளில் கூடும் வாசிப்பு வட்டத்தில், சென்ற ஓராண்டாக மானிடவியல் நூல்களைப் படித்து வருகிறோம். கல்லூரி மாணவர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், நாகாலாந்தில் பணிபுரிந்து திரும்பிய முன்னாள் படைவீரர் ஒருவர், வாசிப்பதைவிடக் கேட்பதில் ஆர்வமுள்ள ஓர் ஆச்சி என்று பலரும் வருவார்கள். பழங்குடி மக்களிடையே இராணுவத்தோடு சேர்ந்து மானிடவியலாளர் வேலை செய்யலாமா என்ற பேச்சு எழும்போதெல்லாம் ஒரே ஐயங்கள் திரும்பத் திரும்ப வந்ததால், அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே எழுதி, என்னால் இயன்ற விடைகளையும் சேர்த்திருக்கிறேன்.

மானிடவியல் என்றால் மண்டை ஓட்டை அளப்பதுதானே? அதற்கும் பட்டாளத்துக்கும் என்ன சம்பந்தம்?

அளப்பது அந்தத் துறையின் ஒரு கிளை மட்டுமே. இங்கே பேசப்படுவது பண்பாட்டு மானிடவியல். அதாவது, ஒரு சமூகத்தாரோடு மாதக்கணக்கில், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில் தங்கி, அவர்கள் பேச்சைக் கற்று, யார் யாருக்கு என்ன முறை, வழக்கு வந்தால் எவர் பேச்சு எடுபடும், பகை எந்தத் தலைமுறையில் தொடங்கியது, மழைக்காலத்தில் எந்தக் காட்டுப் பாதை திறந்திருக்கும் என்பனவற்றையெல்லாம் பொறுமையாகக் கேட்டு எழுதுவது.

இந்தப் பட்டியலை ஒரு படைத்தளபதியின் கண்ணால் மறுபடி வாசித்தால் சம்பந்தம் தானாகப் புரியும். மலையிலும் காட்டிலும் வாழும் சிறு சமூகங்களைப் பற்றி அரசிடம் எழுத்தில் எதுவும் இல்லாதபோது, அந்த மக்களின் மொழி தெரிந்த ஒரே வெளியாள் பெரும்பாலும் மானிடவியலாளராகத்தான் இருந்திருக்கிறார்.

அதற்குத்தான் உளவுத்துறை இருக்கிறதே?

ஒற்றனை ஊர் நம்புவதில்லை, ஆய்வாளரை நம்புகிறது. அவருக்கு விலை அந்த நம்பிக்கையில்தான் இருக்கிறது. நாளை ஒருவர் அதைக் கடன் வாங்கிச் செலவழித்துவிட்டால், அடுத்து வரும் எல்லா ஆய்வாளரையும் ஊர் ஒற்றனாகவே பார்க்கும்.

இந்தச் சண்டையை முதலில் கிளப்பியது யார்?

ஃபிரான்ஸ் போவாஸ். அமெரிக்க மானிடவியலுக்கு அடித்தளம் இட்டவர், பிறப்பால் ஜெர்மானியர். முதல் உலகப்போர்க் காலத்தில் நான்கு மானிடவியலாளர்கள் ஆய்வு என்ற போர்வையில் மத்திய அமெரிக்கப் பகுதிகளில் அமெரிக்க அரசுக்காக உளவு பார்த்தனர் என்று, அவர்களின் பெயரைச் சொல்லாமல், 1919 டிசம்பர் 20 தேதியிட்ட ‘தி நேஷன்’ இதழில் ஒரு கடிதம் எழுதினார். அறிவியலை உளவுக்கு முகமூடியாக்குபவர் அறிவியலாளர் என்று அழைக்கப்படும் தகுதியை இழக்கிறார் என்பதே அதன் சாரம்.

பத்து நாள் கழித்து அமெரிக்க மானிடவியல் சங்கம் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. கண்டிக்கப்பட்டவர் போவாஸ்! உளவு பார்த்தவர்கள் மீது ஒரு சொல்லும் இல்லை. அந்த நால்வரில் ஒருவர் மாயா நாகரிக ஆய்வாளர் சில்வனஸ் மோர்லி என்பதும், அவர் அமெரிக்கக் கடற்படையின் உளவுப் பிரிவுக்கு வேலை செய்தார் என்பதும் பின்னர் வெளிவந்தன. போவாஸ் மீதான கண்டனத்தைச் சங்கம் 2005-இல்தான் நீக்கியது. அப்போது அவர் இறந்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

இட்லரை எதிர்த்த சண்டையில் உதவியதும் தப்பா?

நல்ல கேள்வி, இதற்கு நேர்விடை என்னிடம் இல்லை. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க, பிரிட்டிஷ் மானிடவியலாளர்களில் பெரும்பகுதியினர் ஏதோ ஒரு வகையில் போர்ப்பணி ஆற்றினர். ரூத் பெனடிக்ட் ஜப்பானியரைப் பற்றிப் போர்த் தகவல் அலுவலகத்துக்காக ஆராய்ந்தார். கிரெகரி பேட்ஸன் அமெரிக்க உளவு அமைப்பின் ஆளாக இலங்கையிலும் பர்மாவிலும் இருந்தார். பர்மாவில் நம்மவர்கள் கடையைப் பூட்டிவிட்டு 1942-இல் நடந்தே ஊர் திரும்பிய அதே காலத்தில், எட்மண்ட் லீச் என்ற இளம் ஆய்வாளர் பர்மா இராணுவத்தில் சேர்ந்து, தாம் ஆராயப் போன கச்சின் மலைமக்களையே படையாகத் திரட்டிக்கொண்டிருந்தார். போரின் குழப்பத்தில் களக்குறிப்புகள் தொலைந்தும் அவர் எழுதிய கச்சின் ஆய்வு 1954-இல் வெளிவந்து, இன்றும் படிக்கப்படுகிறது.

போரின் நோக்கம் நியாயமானது என்பதால் அதில் செய்த எல்லாமே நியாயமாகிவிடாது. ஆனாலும் லீச்சின் நிலையையும் மோர்லியின் நிலையையும் நான் ஒன்றாக வைக்க மாட்டேன். லீச் சீருடை அணிந்திருந்தார். அவர் யார் என்பது கச்சின் மக்களுக்குத் தெரியும். மோர்லியோடு பேசியவருக்கு, தாம் யாரிடம் பேசுகிறோம் என்பது தெரியாது. உடையைவிட, பேசுகிறவருக்குத் தம் சொல் எங்கே போய்ச் சேரும் என்பது தெரியுமா, வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வழியிருந்ததா என்பதையே நான் பெரிதாக நினைக்கிறேன். கீழே பல விடைகளில் இதற்கே திரும்பி வருவேன்.

எங்கள் அப்பச்சி மலாயாவில் இருந்தவர்கள். அங்கேயும் இப்படி ஏதாவது நடந்ததா?

ஆச்சி கேட்ட கேள்வி இது. நடந்தது, உலகத்தில் இதற்கு இருக்கும் தெளிவான சான்றுகளில் அது ஒன்று. 1948 முதல் 1960 வரை மலாயாவில் நெருக்கடி நிலை; கம்யூனிஸ்டுக் கெரில்லாக்கள் காட்டுக்குள், பிரிட்டிஷ் படை வெளியே. இடையில் அகப்பட்டவர்கள் தீபகற்பத்தின் பழங்குடிகளான ஒராங் அஸ்லி மக்கள். ஈப்போவிலும் பினாங்கிலும் வட்டிக்கடை வைத்திருந்த நம்மவர்கள், அவர்களைச் சந்தையில் மூங்கிலும் பிரம்பும் விற்பவர்களாக மட்டுமே பார்த்திருப்பார்கள்.

கெரில்லாக்களுக்கு உணவும் வழிகாட்டலும் இவர்களிடமிருந்து கிடைக்கிறது என்று, தொடக்கத்தில் அரசு இவர்களைக் காட்டிலிருந்து பெயர்த்து முள்வேலி முகாம்களில் அடைத்தது. நோயிலும் வெயிலிலும், வீடு பிரிந்த ஏக்கத்திலும் பலர் மடிந்தனர். தப்பியவர்கள் காட்டுக்கே ஓடிப் பகைவரோடு சேர்ந்தனர். பிறகுதான் அரசு மனம் மாறி, அவர்களை அவர்கள் இடத்திலேயே விட்டு, காட்டுக்குள் கோட்டைகள் கட்டி மருந்தும் உப்பும் கொடுத்தது. பழங்குடித் துறைக்கு முதலில் பீட்டர் வில்லியம்ஸ்-ஹண்ட், 1953-இல் அவர் விபத்தில் இறந்த பின் ரிச்சர்ட் நூன் என, பழங்குடி வாழ்வை அறிந்தவர்களே பொறுப்பேற்றனர். நூனின் அண்ணன் பாட் நூன், ஒராங் அஸ்லியில் ஒரு பிரிவினரான தெமியார் மக்களோடு வாழ்ந்து, தெமியார்ப் பெண்ணை மணந்து, ஜப்பானிய ஆட்சிக் காலத்தில் காட்டிலேயே இறந்துபோன மானிடவியலாளர். தம்பியோ 1950-களின் நடுவில் அந்த மக்களிலிருந்தே ‘செனோய் பிராக்’ என்ற படையை உருவாக்கிக் கெரில்லாக்களை வேட்டையாட அனுப்பினார்.

முகாமை ஒழித்துக் கோட்டை கட்டியதில் உயிர்கள் பிழைத்தன என்பது உண்மை. மருந்தும் உப்பும் போரின் கருவிகளாகவே வந்தன என்பதும் உண்மை. அண்ணன் ஈட்டிய அன்பைத் தம்பி படைதிரட்டச் செலவழித்தார் என்று சொன்னால் மிகையா என்று ஆச்சியிடமே கேட்டேன். “வட்டி யார் கணக்கில் ஏறியது?” என்று அவர் திருப்பிக் கேட்டார்.

பட்டாளத்துக்காக எழுதவே இல்லை, வெறும் புத்தகம்தான் எழுதினேன் என்றால்?

அப்படியும் தப்ப முடியாது என்பதற்கு ஜார்ஜ் கொந்தொமினாஸ் சான்று. பிரெஞ்சு மானிடவியலாளரான அவர் வியட்நாமின் நடுமலை நாட்டில் மனோங் கார் மக்களின் சார் லுக் என்னும் ஊரில் 1948–49-இல் தங்கி, அதைப் பற்றி 1957-இல் பிரெஞ்சில் ஒரு நூல் வெளியிட்டார். அமெரிக்க அரசு அவரைக் கேட்காமலே அதை ஆங்கிலத்தில் பெயர்த்து, அந்த மலையில் செயல்பட்ட தன் சிறப்புப் படையினருக்குக் கொடுத்தது. அந்த நூலில் தாம் எவருடைய திருமணத்தை அன்போடு விவரித்தாரோ அந்த மனிதரே சிறப்புப் படையாளால் சித்திரவதை செய்யப்பட்டதை அவர் அறிந்தார். 1972-இல் அமெரிக்க மானிடவியலாளர் மாநாட்டில், அவர்கள் முன்னாலேயே நின்று அதைச் சொன்னார்.

இதனால் யாரும் எதையும் எழுதவே கூடாது என்று ஆகாது. போர் நடக்கும் இடத்தில் எதை எழுதாமல் விடுவது என்பதும் ஆய்வாளரின் கடமையில் சேரும் என்பதையே நான் இதில் எடுத்துக்கொள்கிறேன். பாதைகள், ஒளிவிடங்கள், யார் யாருக்குச் சோறு போட்டார் என்பன அந்த ‘விடவேண்டிய’ பட்டியலில் முதலில் வருபவை.

பெயரை மாற்றி எழுதிவிட்டால் போதாதா?

நம் ஊர் வழக்கத்திலிருந்தே சொல்கிறேன். நகரத்தாரில் திருமணமான ஒவ்வொரு குடும்பமும் கோவிலுக்கு ஒரு புள்ளி. எந்தக் கோவில், எந்த ஊர், எத்தனை புள்ளி என்ற கணக்கு கோவிலுக்குள் இருக்கும்வரை அது வரி வாங்கவும் மரியாதை கொடுக்கவும் உதவும் பேரேடு. அதிலிருந்து பெயர்களை எல்லாம் அழித்துவிட்டு, ஊர், கோவில், பிள்ளைகள் எண்ணிக்கை, எந்த நாட்டில் தொழில் என்பதை மட்டும் ஒருவரிடம் கொடுத்தால், இங்கே பிறந்து வளர்ந்த எவரும் அரைமணி நேரத்தில் பாதிப் பெயர்களை நிரப்பிவிடுவார்கள். முந்நூறு பேர் மட்டுமே வாழும் மலையூரில் ‘இரண்டு மனைவியருள்ள வைத்தியர்’ என்று எழுதினால், பெயர் எழுதாததற்கு என்ன பயன்?

பெயர் மறைப்பு தூரத்திலிருந்து படிப்பவருக்கு எதிராகத்தான் காவல். படையோ ஊருக்குப் பக்கத்திலேயே முகாமிட்டிருக்கிறது.

ஊராரிடம் சம்மதம் வாங்கிவிட்டால் அப்புறம் என்ன குறை?

சம்மதம் கேட்பவருக்குப் பின்னால் துப்பாக்கியோடு நான்கு பேர் நின்றால், ‘சரி’ என்ற சொல்லுக்கு எடை கிடையாது. மேலே நான்காம் விடையில் சொன்ன ‘வேண்டாம் என்று சொல்லும் வழி’ அங்கே அடைபட்டிருக்கிறது. பேச மறுத்தவர் பகைவர் பக்கம் என்று கருதப்படுவார் என்ற அச்சமே அதை அடைக்கப் போதும். எவரும் மிரட்ட வேண்டியதில்லை.

துப்பாக்கியே இல்லாத இடத்திலும் சிக்கல் வரும். மெக்சிகோவின் ஒஹாகா மாநிலத்தில், ஹுவாரெஸ் மலைத்தொடரின் சபோதெக் ஊர்களில் அமெரிக்கப் புவியியலாளர்கள் மக்களோடு சேர்ந்து நிலவரைபடம் தயாரித்தனர். பணத்தின் ஒரு பகுதி அமெரிக்க இராணுவத்தின் அயல்நாட்டுப் படை ஆய்வு அலுவலகத்திலிருந்து வந்தது. அது தங்களிடம் சொல்லப்படவில்லை என்று அப்பகுதிப் பழங்குடி அமைப்பு 2009-இல் குற்றம் சாட்டியது. சொன்னோம் என்றனர் ஆய்வாளர்கள். யார் சொல்வது சரி என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால், பணம் கொடுத்தவரின் பெயர் ஊர்க்கூட்டத்தில் உரக்க, அவர்கள் மொழியில், வரைபடம் போடுவதற்கு முன்பு சொல்லப்பட்டிருந்தால், இந்த வழக்கே வந்திருக்காது.

ஆப்கானிஸ்தானுக்குப் படையோடு ஆய்வாளர்களை அனுப்பினார்களே, அது என்ன கதை?

அது அமெரிக்க இராணுவத்தின் ‘ஹியூமன் டெரெய்ன் சிஸ்டம்’ என்ற திட்டம். மனிதர்களையே நிலப்பரப்பாகக் கருதும் அந்தப் பெயரிலேயே பாதி விமர்சனம் அடங்கியிருக்கிறது. 2007 தொடக்கத்தில் முதல் குழு ஆப்கானிஸ்தானின் கோஸ்ட் பகுதிக்குப் போனது; பிறகு ஈராக்கிலும் குழுக்கள் இயங்கின. சமூக அறிவியலாளர்கள் படைப்பிரிவுகளோடு ஊர் ஊராகச் சென்று, மக்களின் குறைகளையும் குலப் பிணக்குகளையும் கேட்டுத் தளபதிகளுக்குச் சொல்ல வேண்டும். பலர் சீருடை அணிந்தனர், சிலர் ஆயுதமும் வைத்திருந்தனர். அவர்களில் மூவர் கொல்லப்பட்டனர். 70 கோடி டாலருக்கு மேல் செலவழித்த பின் 2014-இல் திட்டம் மூடப்பட்டது.

அமெரிக்க மானிடவியல் சங்கத்தின் செயற்குழு 2007 அக்டோபர் 31 அன்றே இதை ஏற்க முடியாது என்று அறிவித்தது. போர்க்களத்தில் உண்மையான சம்மதம் பெற முடியாது, திரட்டிய தகவல் யாரைக் குறிவைக்கப் பயன்படும் என்பதை ஆய்வாளர் கட்டுப்படுத்த முடியாது என்பவை அதன் முக்கியக் காரணங்கள்.

நான் இருந்த இடத்தில் ஊர்வழக்கம் தெரிந்த ஒருவர் கூட இருந்திருந்தால் சில உயிர்கள் தப்பியிருக்கும். அதை எப்படித் தவறென்பீர்கள்?

முன்னாள் படைவீரர் கேட்டது. எங்கள் வட்டத்தில் எழுந்த மிக வலுவான எதிர்வாதம் இதுதான். ஆப்கானிஸ்தான் திட்டத்தின் ஆதரவாளர்களும் இதையே சொன்னார்கள். இரவில் கதவைத் தட்டக் கூடாது, பெண்கள் இருக்கும் அறைக்குள் நுழையக் கூடாது, அந்த மேட்டில் இருப்பது பதுங்குகுழியன்று, முன்னோர் கல்லறை என்று சொல்ல ஓர் ஆள் இருந்தால் சாவு குறையும் என்பதை நான் மறுக்கவில்லை.

என் தயக்கம் வேறு இடத்தில். இந்த அளவுக்கான அறிவைப் படைக்கு வகுப்பறையிலேயே கொடுத்துவிடலாம். அதற்கு ஆய்வாளர் ரோந்தோடு போய் ஊராரை விசாரிக்க வேண்டியதில்லை. ரோந்தோடு போகிறவர் திரும்பும்போது பொதுவழக்கத்தை மட்டும் கொண்டுவருவதில்லை, இன்ன வீட்டில் இன்னார் மகன் மூன்று மாதமாக இல்லை என்பதையும் கொண்டுவருகிறார். முதல் செய்தி உயிரைக் காக்கும். இரண்டாம் செய்தி ஒரு பட்டியலில் ஏறும். அந்தப் பட்டியலை யார் வைத்திருப்பார், அடுத்த தளபதி அதை எதற்கு எடுப்பார் என்பது ஆய்வாளரின் கையில் இல்லை. படைவீரர் இதை ஒப்புக்கொள்ளவில்லை என்பதையும் இங்கே எழுதிவைப்பதே முறை. பட்டியல் எப்படியும் இருக்கத்தான் போகிறது, அறிவுள்ள ஒருவர் எழுதினால் தவறான பெயராவது ஏறாது என்கிறார்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம். நம் நாட்டில் எங்கே நடந்தது?

எட்கர் தர்ஸ்டனை மறந்துவிட வேண்டாம். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த அவர், க. ரங்காச்சாரியின் துணையோடு தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909-இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். நாட்டுக்கோட்டைச் செட்டியாரைப் பற்றி அதில் நீண்ட பகுதி உண்டு. நம்மில் பலர் அதைப் பெருமையோடு மேற்கோள் காட்டுகிறோம். மனித உடலை அளக்கும் முறையைக் காவல் துறையினருக்கும் கற்றுக்கொடுத்தவர் அவர் என்பதை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. குற்றப்பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. அதன்படி கைரேகை பதிய மறுத்த கள்ளர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிக்கு அருகே பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச்சூடு நடந்தது. ‘இந்தச் சாதியின் இயல்பு இது’ என்று வகைப்படுத்தும் எழுத்து ஊறிப்போன ஆட்சியில்தான் அப்படியொரு சட்டம் இயல்பாகத் தெரியும்.

விடுதலைக்குப் பின்னும் வடகிழக்கில், 1958-இன் ஆயுதப்படைச் சிறப்பு அதிகாரச் சட்டத்தின் நிழலில்தான் பல ஆய்வுகள் நடந்தன. 1967-இல் மிசோ மலை ஊர்களைக் கலைத்துச் சாலையோரக் குடியிருப்புகளில் திரட்டியபோது, மலாயா நெருக்கடி நிலையில் மக்களைப் பெயர்த்துக் குடியமர்த்திய அனுபவம் முன்மாதிரியாக இருந்தது. அந்தச் சூழலில் ஆய்வுக்குப் போகிறவர் படையிடம் சம்பளம் வாங்காவிட்டாலும், நுழைவுச்சீட்டுக்கும் பாதுகாப்புக்கும் அரசையே நம்பியிருக்கிறார்; ஊர் அதைப் பார்க்கிறது.

பழங்குடிகளே பட்டாளத்தோடு சேர விரும்பினால், அவர்களைத் தடுக்க நாம் யார்?

தடுக்க நாம் யாருமில்லை. செனோய் பிராக் வீரர்கள் பலர் தம் படையைப் பெருமையாகவே நினைத்தனர். அந்தப் படை இன்றும் மலேசியக் காவல் துறையில் இருக்கிறது. பழங்குடிகளுக்கும் பகைவர் உண்டு, அரசியல் உண்டு, வேலை வேண்டும். அவர்களைப் போர் தெரியாத அப்பாவிகளாகச் சித்தரிப்பதும் ஒரு வகை இழிவுதான்.

ஆனால் சேர்வது அவர்கள் முடிவாக இருப்பது வேறு, அவர்களுக்குள் யாரைச் சேர்க்கலாம், யாரை ஒதுக்கலாம் என்று ஆய்வாளர் படைக்குச் சொல்வது வேறு. முதலாவதில் மக்கள் பேரம் பேசுகிறார்கள். இரண்டாவதில் பேரத்துக்கு முன்பே அவர்கள் கைச்சீட்டு எதிராளிக்குக் காட்டப்படுகிறது.

மானிடவியலாளருக்குச் சங்கம், விதி எல்லாம் இருக்கிறதே. மீறினால் தண்டனை உண்டா?

அநேகமாக இல்லை. பிற நாடுகளின் உள்நாட்டுக் கிளர்ச்சிகளை முன்னறிய முயன்று, சிலி நாட்டைக் கலங்கடித்த ‘கேமலட் திட்டம்’ என்ற அமெரிக்க இராணுவ ஆய்வு 1965-இல் கைவிடப்பட்டது. பிறகு 1970-இல் தாய்லாந்தின் மலைமக்களிடையே, கிளர்ச்சியை ஒடுக்க உதவுவதற்காக நடந்த ஆய்வுகள் அம்பலமாயின. 1971-இல் அமெரிக்கச் சங்கம் தன் நெறிகளை எழுதியது: ஆய்வாளரின் முதற்கடமை தாம் ஆராயும் மக்களுக்கே, இரகசிய அறிக்கை கூடாது. இரகசியம் பற்றிய கண்டிப்பு பின்னாளில் தளர்த்தப்பட்டு, ஆப்கானிஸ்தான் விவகாரத்துக்குப் பின் 2009-இல் மீண்டும் இறுக்கப்பட்டது. ஆனால் சங்கம் எவரையும் விசாரித்துத் தண்டிப்பதில்லை. எஞ்சியிருப்பது துறையினரின் மதிப்பு மட்டுமே; மூன்றாம் விடையில் கண்டதுபோல அதுவும் சில வேளை தப்பான ஆளின் மேல் பாயும்.

எனக்கு நாளைக்கே இப்படி ஒரு வேலை வந்தால் என்ன கேட்க வேண்டும்?

ஒரு முதுகலை மாணவி கேட்டது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன், களக்குறிப்பேடு யாருக்குச் சொந்தம் என்று கேளுங்கள். வேலை கொடுப்பவருக்கு என்றால் அங்கேயே நில்லுங்கள். அறிக்கையை முதலில் அந்த ஊராருக்கு அவர்கள் மொழியில் வாசித்துக்காட்ட அனுமதி உண்டா, பாதியில் விலகினால் அதுவரை எழுதியதைத் திரும்பப் பெறலாமா என்றும் கேளுங்கள். வகுப்பு எடுக்கும் வேலை, வெளிப்படையாகப் பதிப்பிக்கும் வேலை, ரோந்தோடு போகும் வேலை மூன்றும் ஒன்றல்ல. முதலாவதை நானே செய்வேன், மூன்றாவதைச் செய்ய மாட்டேன், நடுவிலுள்ளதை இந்தக் கேள்விகளுக்குக் கிடைக்கும் பதிலைப் பார்த்து முடிவு செய்வேன்.

முன்னாள் படைவீரர் இன்னொரு கேள்வியையும் சேர்க்கச் சொன்னார், இதில் மட்டும் நாங்கள் இருவரும் ஒரே பக்கம். உங்களுக்காக மொழிபெயர்த்த உள்ளூர்ப் பையன், நீங்களும் படையும் கிளம்பிப் போன மறுநாள் எந்த ஊரில், யாருடைய வீட்டில் இருப்பான் என்று கேளுங்கள்.